பாபிகர் கொடுத்த தேநீர்

ஓம்துர்மான் நகரத்தில் பாபிகர் வீட்டுக் கதவைப் பகலில் சாத்தியதே இல்லை. வந்தவன் எவனாக இருந்தாலும் கை நனைத்துவிட்டுத்தான் போக வேண்டும். நாட்டில் சண்டை வந்தது. வீடு போனது, மகனும் காணாமல் போனான். மருமகளையும் இரண்டு பேரக் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு தொலைவிலிருந்த கசலா ஊருக்கு ஓடி வந்தார். பழைய பழக்கமும் கூடவே ஓடி வந்துவிட்டது.

மருமகள் இக்லாஸ் பஸ் நிலையத்துக்கு எதிரே வேப்பமர நிழலில் தேநீர்க் கடை போட்டாள். கரி அடுப்பு, கெட்டில், முக்காலிகள் எல்லாம் ஊரைவிட்டு வந்த பெண்களின் சங்கம் கொடுத்தவை. கடை நடந்தால் அவை அவளுக்கு. படுத்துவிட்டால் அடுத்துக் காத்திருக்கிறவளுக்கு.

தெருவில் உட்காரும் பெண்ணுக்கு ஆண் துணை வேண்டும் என்று பாபிகர் தினமும் முதல் முக்காலியில் உட்கார்ந்துகொள்வார். ஓம்துர்மான் முகம் ஒன்று தெரிந்தால் போதும், "வாய்யா, ஒரு டீ குடிச்சிட்டுப் போ" என்பார். கடைக்கு ஆள் பிடித்துத் தருவதாக நினைப்பு. பெரியவர் வாய் திறந்து கூப்பிட்ட பிறகு காசை நீட்டினால் அவர் கன்னத்தில் அறைந்த மாதிரி. வந்தவர்கள் குடித்தார்கள், வாழ்த்தினார்கள், போனார்கள். காசு வரவில்லை என்று மாமனாரிடம் எந்த மருமகள் சொல்வாள்?

ஒருநாள், எல்லோரும் ஹாஜா என்று மரியாதையாகக் கூப்பிடும் சங்கத் தலைவி பத்தூல் கழுதை வண்டியோடு வந்து நின்றாள்.

"எப்பப் பாத்தாலும் இங்க கூட்டம். சர்க்கரை வாங்க வழியில்லைங்கிற. யாருடி குடிக்கிறது?"

"வியாபாரம் மந்தம், ஹாஜா."

"கூட்டமும் மந்தமும் ஒண்ணா வருமா? முக்காலியை ஏத்து" என்றாள் வண்டிக்காரனிடம். அவன் ஏற்றத் தொடங்கினான்.

இக்லாஸ் துடைத்த தம்ளரையே திரும்பத் துடைத்தாள். பாபிகருக்குப் பொறுக்கவில்லை.

"அது என் ஆளுங்க கூட்டம். நான்தான் தெனம் கூப்பிட்டு உக்கார வைக்கிறேன்."

"காசு குடுத்தாங்களா, ஹாஜ்?" என்று பெரியவர் பக்கம் திரும்பினாள் பத்தூல்.

"விருந்தாளிகிட்ட எவனாவது காசு..."



"விருந்து வைக்க இது யாரு வீடு?" என்றாள் பத்தூல்.

"விடுங்க ஹாஜா, மாமா மனசு நோகும்" என்றாள் இக்லாஸ்.

அதுதான் அவரை வெட்டிப் போட்டது. அன்று காலையில் இக்லாஸ் குழந்தைகளுக்கு வெறும் ரொட்டியை வைத்திருந்தாள். 'பிள்ளைகளுக்குக் கொஞ்சம் மொச்சை வேகவைக்கக் கூடவா துப்பில்லை' என்று அதட்டியவர் அவர்தான். அப்போதும் அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"சும்மா குடுத்தது அவ இல்ல. நான்தான் ஊத்திக் குடுத்தேன். வண்டியைத் திருப்பும்மா."

"நாளைக்கும் இங்கதான உக்காருவீங்க?"

"உக்கார மாட்டேன்."

பத்தூல் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "இந்த மாசம் பாக்கிறேன்" என்று முக்காலிகளை இறக்கச் சொன்னாள்.

மறுநாள் பாபிகர் கடைக்கு எதிர்ப்பக்கம், பஸ் நிலையச் சுவரோரம் நின்றார். பஸ்ஸிலிருந்து தாஜ்சிர் இறங்கினான். ஓம்துர்மானில் அடுத்த வீட்டுக்காரன், அவர் தட்டில் கை போட்டு வளர்ந்தவன்.

"என்ன ஹாஜ், வெயில்ல நிக்கிறீங்க? வாங்க, நம்ம கடையில இஞ்சி தட்டிப் போடச் சொல்லுங்க."

"நம்ம கடை இல்ல" என்றார் பாபிகர். குரல் தனக்கே கேட்கவில்லை என்று மறுபடி சொன்னார். "மருமக கடை. குடிச்சா காசு குடுக்கணும்."

வேடிக்கைக்குச் சொல்கிறாரோ என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான் தாஜ்சிர். பிறகு பையைத் தோளில் மாட்டினான்.

"எனக்கு இப்பத் தாகமில்ல ஹாஜ். அப்புறம் பாக்கலாம்."

அவன் போய்க் கொஞ்ச நேரம் ஆகியும் பாபிகர் தலையை நிமிர்த்தவில்லை. எதிரே இக்லாஸ் பார்த்துக்கொண்டுதான் இருப்பாள் என்று தெரியும்.