ஒட்டுப்போடாத மூச்சு

நான் அனுப்பிய டேப் நகலைக் கேட்டுவிட்டு, "டேப்பை வெட்டி ஒட்டிய மோசடி" என்று என் அப்பாவைப் பற்றிப் பத்திரிகையில் எழுதினார் கிருபாநிதி. எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். அவருக்குப் புரியும் இங்கிலீஷிலேயே திட்டிக் கடிதம் போட்டேன். அசல் டேப்பை நேரில் வந்து கேளுங்கள், எழுதியது தப்பென்றால் மறுப்பு எழுதுங்கள் என்றேன். தூத்துக்குடிக்கு வந்துவிட்டார்.

மெட்ராசில் ஜாஸ் விமர்சகர் என்றால் அவர்தான். பம்பாயில் ரெக்கார்டு வந்தவன் கலைஞன்; துறைமுகக் கிளப்பில் கப்பல்காரர்களுக்கு வாசித்தவன் கூலிக்காரன். அவருடைய அளவுகோல் இவ்வளவுதான். அப்பா வளன், சீசனில் கடலில் மூழ்கிச் சங்கு குளிப்பார், மற்ற நாளில் சாக்ஸபோன் வாசிப்பார். இரண்டுக்கும் ஒரே நெஞ்சு. இரண்டு வருஷத்துக்கு முன் கடலுக்குள் இறங்கியவர் பிணமாகத்தான் மேலே வந்தார். மிஞ்சியது ஒரு கப்பல் ரேடியோ ஆபீசர் பதிந்து கொடுத்த இந்த டேப்.

மரியான் மாமாவும் கூட இருந்தார். அம்மாவின் அண்ணன். எங்கள் கரையில் சங்கு குளிப்பவனின் கயிற்றைப் படகிலிருந்து மச்சான்தான் பிடிப்பான்; அசைத்தால் மேலே இழுப்பான். தங்கச்சி தாலியறுக்க விடமாட்டான் என்ற நம்பிக்கை. அன்றைக்கும் அப்பாவின் கயிறு மாமா கையில்தான் இருந்தது.

"ஏம்மா, மனுஷனால ஒரே மூச்சுல இவ்வளவு நேரம் ஊத முடியாது," என்றார் கிருபாநிதி.

"நீங்க ஊதிப் பாத்தீங்களா?"

"மீன் அழுகிப்போச்சுன்னு சொல்ல வலை வீசத் தெரியணுமா?"

"மோந்தாவது பாக்கணும்லா சார்," என்றார் மாமா. "நீங்க தூரத்துலருந்தே மூக்கப் பொத்துதீங்க."

கிருபாநிதி கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தார். டேப்பைப் போட்டேன். அவர் நம்பாத அந்த நீண்ட சுரம் வந்தது. ஐம்பது விநாடி. மறுபடி போடச் சொன்னார். எழுபது. டேப்பை வெளிச்சத்தில் பிடித்து விரலால் தடவினார். ஒட்டு இல்லை. அதே டேப், அதே வேகம்.

மூன்றாம் தடவை தானும் மூச்சடக்கிப் பார்த்தார். சுரம் நூறு விநாடியைத் தாண்டியது. அவர் வாய் திறந்தது. மூச்சு உள்ளே போகவில்லை. முகம் கருநீலமானது. மூன்று மணி வெயிலில் அறைக்குள் ஈரச் சிப்பி நாற்றம்.

என் விரல் சுவிட்சின் மேல்தான் இருந்தது. அழுத்தவில்லை. மோசடி என்று எழுதினாயே, இப்போது எண்ணு என்றுதான் நினைத்தேன்.

மாமாவின் கைகள் தாமாக எழுந்து இல்லாத கயிற்றை இழுத்தன.

"நிறுத்துளா! அன்னைக்கு ஒங்கப்பன் கயித்த அசைச்சான். இன்னொரு சங்கு எடுக்கட்டும்னு நாந்தான் இழுக்காம இருந்துட்டேன். ஒருத்தன விட்டது போதும்!"

இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

நிறுத்தினேன். டேப் நின்றது, சுரம் நிற்கவில்லை. மாமா இழுத்துக்கொண்டே இருந்தார். கடைசி இழுப்பில் கிருபாநிதி மேசைமேல் கவிழ்ந்தார். வாயிலிருந்து உப்புத் தண்ணீர் கொட்டியது. அப்புறம்தான் அறை அமைதியானது.

வெகுநேரம் கழித்துக் கிருபாநிதி காகிதம் கேட்டார். "வளன் வாசித்தது ஒரே மூச்சு. ஒட்டு இல்லை. நான் எழுதியது தவறு." கையெழுத்துப் போட்டார்.

"வாசிளா," என்றார் மாமா. உரக்க வாசித்தேன்.

அவர் உள்ளங்கைகளை விரித்தார். கயிறு அறுத்த தடத்தில் புதிதாக ரத்தம் கசிந்தது. மருந்து எடுக்க எழுந்தேன். பிறகு உட்கார்ந்துவிட்டேன்.