தினமும் பத்து நிமிடம்

"கிளட்ச்... கிளட்ச்சை மிதிங்க மேடம்."

மேடம் பிரேக்கை மிதித்தார். நாற்சந்தியின் நட்டநடுவில் கார் ஒரு தும்மல் தும்மி நின்றது. பின்னால் ஏழெட்டு ஹாரன்கள். மணி ஐந்து நாற்பது.

பிரேக் மாஸ்டர் (ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் அவருக்கு அதுதான் பெயர்) சட்டென்று இறங்கிச் சுற்றி ஓடிவந்தார். "அந்தப் பக்கம் தள்ளி உக்காருங்க. நான் ஓட்டறேன்."

"இன்னும் இருபது நிமிஷம் கிளாஸ் இருக்கே சார்."

"நாளைக்குச் சேத்து எடுத்துக்குங்க. ஆறு மணிக்கு நான் வீட்டுல இருக்கணும்."

"வீட்டுல அவ்வளவு பயமா?"

"ஆமா. ஒன்பது வயசு."

அந்த ஒன்பது வயசு மகளுக்கு மூன்று மாதம் முன்புவரை தினமும் காலையில் வயிற்றுவலி. ஸ்கேனில் ஒன்றுமில்லை. ஆனால் பள்ளிக்கூடப் பை முதுகில் ஏறியதும் முகம் வெளுத்துவிடும். கடைசியில் குழந்தைகள் மனநல ஆலோசகரிடம் போனார்கள். பேச்சின் பாதியில் மாஸ்டருக்கு ஃபோன் வர, எழுந்து வெளியே போய்விட்டார். திரும்பும்போது அவர் வண்டி ஓட்ட, ஆலோசகர் எழுதித் தந்த சீட்டைப் பின்சீட்டிலிருந்து மகள்தான் படித்தாள். தினமும் பத்து நிமிடம். விளையாட்டு என்னவென்று மகள் சொல்வாள். அப்பா உத்தரவு போடக் கூடாது, கேள்வி கேட்கக் கூடாது, திருத்தக் கூடாது. மனைவி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நாள் முழுக்கத் திருப்பு, நிறுத்து, கண்ணாடியைப் பார் என்று சொல்லியே பழகிய வாய். வீட்டிலும் அதே வாய்தான். அதைக் கட்டிப்போட்டால் கால் கிளம்பியது. நாற்காலிகளை வரிசையாகப் போட்டு மகள் பஸ் ஓட்டுவாள். ஒவ்வொரு வளைவிலும் பயணியின் வலது கால் பிரேக் மிதிப்பதுபோல் தரையை அழுத்தும்.

"அப்பா, கால்."

"மன்னிச்சுக்கங்க டிரைவர்."

வலி மெல்ல மெல்லக் குறைந்தது. இப்போது பதினெட்டு நாளாக அந்தப் பேச்சே இல்லை. ஒருநாள் தவறினாலும் திரும்ப வந்துவிடுமோ என்றுதான் இந்த ஓட்டம்.

மூன்று மாடியை இரண்டிரண்டு படியாகத் தாண்டி உள்ளே நுழைந்தபோது ஆறு நாலு. மகள் பாத்திர மூடியை ஸ்டியரிங்காகப் பிடித்து உட்கார்ந்திருந்தாள்.

"பஸ் போயிடுச்சா?" என்று மூச்சு வாங்கினார்.

"கேள்வி கேக்கக் கூடாது. ஒரு பாசஞ்சருக்காக நிறுத்தி வெச்சிருக்கேன். ஏறு."

ஏறினார். பஸ் இரண்டு வளைவு திரும்பியது. மூன்றாவதில் டிரைவர் தானாகவே சொன்னாள். "இன்னைக்குக் கணக்கு மிஸ் திட்டினாங்கப்பா. ஆனா வயிறு வலிக்கல."

எதுக்குத் திட்டினாங்க என்பது தொண்டைவரை வந்தது. அவர் விழுங்கினார். மகளே முழுக்கதையையும் சொன்னாள், ஹாரன் அடித்துக்கொண்டே.

பஸ் நின்றபின்னும் அந்த நாலு நிமிடம் உறுத்தியது. பால்கனிக்குப் போய் ஆலோசகருக்கு ஃபோன் போட்டார். "இன்னைக்கு நாலு நிமிஷம் லேட்டாயிடுச்சு மேடம். இத்தனை நாள்ல இதான் முதல் தடவை. ஏதும் கெட்டுடுமா?"



"தினமுமா விளையாடறீங்க? நான் வாரத்துக்கு ஒரு நாள்னுதானே சார் எழுதினேன். தினமும்னு யாரு சொன்னது?"

மாஸ்டர் கதவு வழியே எட்டிப் பார்த்தார். மகள் பஸ்ஸின் கடைசியில் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். மனைவி வாயைப் பொத்தியபடி அதில் உட்கார்ந்தாள்.

"நான்தான் மேடம்," என்றார். "கண்ணாடி போடாம படிச்சுட்டேன்."