பெஞ்சுக்கு ஒரு பொய்

வசந்த காலம் வந்துவிட்டது என்று யாராவது பல்லைக் காட்டிக்கொண்டு சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. வரட்டுமே, யார் வேண்டாம் என்றார்கள்? வந்தோமா, நாலு பூவைப் பூத்தோமா என்று போக வேண்டும். என் வீட்டுக்காரர் வாய்க்குள் புகுந்துகொண்டு என் உயிரை வாங்கக் கூடாது.

அவர் நகரப் பேருந்து ஓட்டுநர். டிப்போவில் அவருக்கு ரேடியோ என்று பெயர். அடுத்த நிறுத்தம் எது என்று சொல்வதற்காக ஓட்டுநர் இருக்கைப் பக்கத்தில் ஒரு மைக் இருக்கும். மற்ற ஓட்டுநர்கள் அதில் நிறுத்தத்தின் பெயரைச் சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். இவர், "அடுத்தது பூங்கா. இறங்குறவங்க வலது பக்கம் இருக்கிற மஞ்சள் பூவைப் பாருங்க. நம்ம கண்ணுக்கு அது வெறும் மஞ்சள். தேனீ கண்ணுக்கு அதுல வேற கோலமெல்லாம் தெரியும்" என்பார். அதைக் கேட்டுக்கொண்டே இறங்க மறந்தவர்கள் உண்டு. அவர்களும் அவரைத் திட்டியதில்லை. திட்டுவதற்கென்று கடவுள் என்னை ஒருத்தியைப் படைத்து வைத்திருக்கிறாரே.

பனிக்காலத்தில் டிப்போ வாசலில் வழுக்கி விழுந்து வலது முழங்கால் சில்லு இரண்டாகிவிட்டது. பிரேக் மிதிக்கிற கால். அறுவை சிகிச்சை செய்து கம்பி போட்டுக் கட்டினார்கள். எலும்பு கூடிவிட்டது, ஆனால் முட்டி மடங்கவில்லை. பிசியோதெரபி செய்யும் பெண், இத்தனூண்டு இருப்பாள், முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள்.

"சார், நான் எவ்வளவு அமுக்கினாலும் பத்தாது. தினமும் பூங்காவை ஒரு சுத்து நடக்கணும், முட்டிய மடக்கி நடக்கணும். இப்ப விட்டா அப்புறம் இப்படியே இறுகிடும்."

மாதக் கடைசியில் டிப்போ மருத்துவர் பரிசோதிப்பார். குத்துக்காலிட்டு உட்காரச் சொல்வார், எழுந்திருக்கச் சொல்வார். முடியாவிட்டால் ஸ்டோரில் போட்டுவிடுவார்கள். ஜன்னலே இல்லாத அந்த அறையில் உட்கார்ந்து ஓய்வு பெறும்வரை பல்பும் வைப்பர் பட்டையும் எடுத்துக் கொடுக்க வேண்டியதுதான். இதைக் கேட்டுவிட்டு வந்த அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை. வண்டியை விட்டால் அவர் செத்துப்போய்விடுவார் என்று எனக்குத் தெரியும். அப்படிப்பட்டவர் எப்படி நடக்க வேண்டும்? பறக்க வேண்டாமா?

எனக்குப் பூங்காவுக்கு எதிரே ஆல்டரேஷன் கடை. வசந்தம் வந்தால் ஊரே போன வருஷத்து உடுப்பை எடுத்துப் போட்டுப் பார்க்கும், பட்டன் மாட்டாது, நேரே என்னிடம் வரும். இடுப்பைப் பிரித்துவிட வேண்டிய பேண்ட்டுகள் மேஜையில் மலையாகக் கிடக்கின்றன. அதையெல்லாம் போட்டது போட்டபடி விட்டு, மத்தியானம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு இவரை நடத்தக் கூட்டிப்போவேன். இவர் வாசல் கேட்டைத் தாண்டியதும் முதல் பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார்.

"என்னங்க, எந்திரிங்க."

"இரும்மா, இவர்கிட்ட ஒண்ணு சொல்லிட்டு வரேன்."

இவர் என்பது யாரென்றே தெரியாத ஒரு மனிதர். பாவம், வெயில் காய வந்தவர்.

"சார், ஜாடியில வெச்ச டியூலிப் வெட்டின பிறகும் வளரும், தெரியுமா? காலையில பார்த்ததை விட மறுநாள் காலையில நீளமா இருக்கும்."

"அப்படியா!" என்பார் அந்த அப்பாவி. அந்த ஒரு அப்படியா போதும், இவருக்கு அரை மணி நேரம் ஓடும். மழை பெய்ததும் மண் வாசனை எதனால் வருகிறது, பொழுது எந்தத் தேதியிலிருந்து நீளுகிறது என்று அடுக்கிக்கொண்டே போவார். என் இடைவேளை முடிந்துவிடும். கால் நீட்டினது நீட்டினபடி இருக்கும்.

"இங்க பாருங்க, வாய்க்கு ஒண்ணும் ஆகலை. அதுக்கு எதுக்கு இவ்வளவு பயிற்சி? காலைக் கொஞ்சம் அசைங்க."

"வலிக்குதும்மா. நாளைக்குப் பார்த்துக்கலாம்."

நாளைக்கு, நாளைக்கு என்று பாதி மாதம் போய்விட்டது. கத்திப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். ஒருநாள் வெறுத்துப்போய், "இங்கயே குந்தியிருங்க, வேரு விடட்டும்" என்று அவரை விட்டுவிட்டு அடுத்த பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். அங்கே மதிய உணவு டப்பாவோடு ஒரு வங்கிக்காரப் பெண் இருந்தாள். பேச்சுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமே என்று மரத்தைக் காட்டி, "குருவியெல்லாம் எப்படிப் பாடுது பாருங்க. அம்மாக் குருவிங்க குஞ்சைத் தூங்க வைக்குதுங்க போல" என்றேன்.

பின்னால் தடி ஊன்றும் சத்தம். இவர்! வியர்த்து விறுவிறுத்து வந்து நிற்கிறார்.

"என்ன பேசுற நீ? இந்த மாசத்துல பாடுறது பெரும்பாலும் ஆண் பறவைங்க. ஜோடி தேடுதுங்க, இது என் இடம்னு மத்ததுங்களுக்குச் சொல்லுதுங்க. தூங்க வைக்குதாம்!"

எனக்குக் கோபமே வரவில்லை. இத்தனை நாள் இது தெரியாமல் போச்சே என்றுதான் தோன்றியது. எழுந்து அடுத்த பெஞ்சுக்குப் போனேன்.

மறுநாளிலிருந்து பெஞ்சுக்கு ஒரு பொய். காலையில் தையல் மிஷினை மிதித்துக்கொண்டே அன்றைக்கானதை யோசித்து வைத்துக்கொள்வேன். அவரை முதல் பெஞ்சில் விட்டுவிட்டு முன்னால் போய், யாராவது கிடைத்தால் இவர் காதிலும் விழும்படி உரக்கச் சொல்வேன். பூமி சூரியன்கிட்ட நெருங்கி வருது, அதான் வெயில் ஏறுது என்றேன். "நெருங்குறதில்ல, சாயுது!" என்று கத்திக்கொண்டு வந்தார். இரவும் பகலும் சமமா இருக்கிற நாள்ல மட்டும்தான் முட்டை செங்குத்தா நிக்கும் என்றேன். பொறுமையும் நல்ல மேஜையும் இருந்தா எந்த நாளும் நிற்கும் என்று சொல்லவே இரண்டு பெஞ்ச் தூரம் வந்தார். தேனீயில் பாடுபடுகிறதெல்லாம் ஆம்பளைத் தேனீ என்று ஒருநாள் எடுத்துவிட்டேன்.

"அத்தனையும் பொம்பளை!" மூச்சு வாங்க வந்து பெஞ்சில் பொத்தென்று விழுந்தார். "ஆண் தேனீ ஒரு வேலையும் செய்யாது. கூட்டுல உட்கார்ந்து தின்னும், அவ்வளவுதான்."

"அது எனக்குத் தெரியாதா?" என்றேன். அவருக்குப் புரியவில்லை.

அன்று சாயங்காலம் என் நாத்தனார் போன் செய்தார். இவருடைய அக்கா. தம்பி என்றால் உயிர்.

"ஏம்மா, உனக்கு உடம்பு சரியில்லையா? தம்பி ரொம்பக் கவலைப்படுறான். நீ கண்டவங்ககிட்டயும் தப்புத்தப்பா பேசுறியாம். ஒரு நல்ல டாக்டர்கிட்ட தலையைக் காட்டச் சொல்லு அக்கான்னு அழுவாத குறையா சொன்னான்."

"காட்டுறேன் அண்ணி. அவர் கால் மடங்கட்டும், அன்னிக்கே காட்டுறேன்."

"அவன் காலைப் பத்தி எனக்குத் தெரியும். நீதான் புள்ளைய வெயில்ல இழுத்துட்டு அலையிறே."

அறுபதை நெருங்கிவிட்ட ஆள், புள்ளையாம். போனை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக் கொஞ்ச நேரம் திட்டினேன்.

இத்தனை செய்தும் பிசியோ பெண் உதட்டைப் பிதுக்கினாள். "நடக்கிறார்க்கா, நல்லாத்தான் நடக்கிறார். ஆனா காலைக் கட்டை மாதிரி நீட்டி வீசி வீசி நடக்கிறார். மடக்கவே இல்லையே. நான் கையை வைக்கிறதுக்கு முன்னாடியே கத்துறார்." பரிசோதனைக்கு ஒரு வாரம்கூட இல்லை.

அடுத்த நாள் பூங்காவுக்குள் நுழைந்தால், வேலி ஓரப் புதர்ப் பக்கத்தில் அந்த வங்கிக்காரப் பெண் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நிற்கிறாள். எதிரே ஒருவர் நாயைச் சங்கிலியோடு இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறார். அது உறுமுகிறது.

"என்னம்மா ஆச்சு?" என்றார் இவர்.

"கூட்டுலேர்ந்து குஞ்சு விழுந்துடுச்சு சார். புதருக்கு அடியில கிடக்கு. யாரும் தொட்டுடக் கூடாதுன்னு நிக்கிறேன்." அவள் என்னைக் கைகாட்டினாள். "அக்காதான் அன்னிக்குச் சொன்னாங்க. மனுஷ வாசம் பட்டுட்டா தாய்ப்பறவை சேர்த்துக்காதுன்னு."

சொன்னேன்தான். முந்தின வாரம், மூன்றாவது பெஞ்சில். அன்றைக்கு இவர் பூ விற்பவரிடம் மாட்டிக்கொண்டதால் அது அவர் காதில் விழவில்லை. என் அத்தனை பொய்யிலும் திருத்தாமல் விட்ட ஒன்று அதுதான். இத்தனைக்கும் அது பொய் என்று எனக்கே தெரியாது. நிஜம் ஒன்றையும் இடையில் சொல்லி வைப்போம் என்று நினைத்துத்தான் சொன்னேன்.

இவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

"இறகு முளைச்சிருக்கா?"

"இல்ல சார், வெறும் தோலுதான்."

"அப்ப உடனே கூட்டுல வைக்கணும். தொட்டா சேர்க்காதுங்கறது சுத்தப் புளுகு. எடும்மா!"

"ஐயோ, எனக்குப் பயம் சார்!"

என்னிடம் திரும்பினார். "நீ எடு."

"எனக்குக் கோழிக்குஞ்சைத் தொட்டாலே கூசும், உங்களுக்குத் தெரியாதா?"

"சொல்றப்ப கூசலையா? ஊரெல்லாம் போய் உளறிக் கொட்டி, இப்ப அந்த உயிரு மண்ணுல துடிக்குது!" தடியை என் பக்கம் விட்டெறிந்தார். புதரின் கிளையைப் பிடித்தார். பிடித்துக்கொண்டு இறங்கினார். இடது முட்டியைத்தான் முதலில் ஊன்றினார், அப்புறம் வலதும் மடங்கிற்று. அம்மா என்று அவர் போட்ட சத்தத்தில் அந்த நாய் பின்வாங்கியது. இரண்டு முட்டியும் மண்ணில் பட, கையைப் புதருக்குள் விட்டு, கட்டைவிரல் அளவு ஏதோ ஒன்றை எடுத்தார். கூடு கைக்கெட்டும் உயரத்தில் கிளைப் பிளவிலேயே இருந்தது. குஞ்சை உள்ளே வைத்துவிட்டு அப்படியே புல்லில் சரிந்து உட்கார்ந்துவிட்டார்.

நாய்க்காரர் போனார். வங்கிக்காரப் பெண் நன்றி சொல்லிவிட்டு அலுவலகத்துக்கு ஓடினாள். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் அழுதுகொண்டிருந்தார்.

"மடங்கிடுச்சுங்க! பார்த்தீங்களா, மடங்கிடுச்சு! இதைத்தானே தலைப்பாடா அடிச்சிக்கிட்டேன். மொதல்லயே செஞ்சிருந்தா என்ன?"

அவர் புல்லைப் பிடுங்கினார். அவர் பேசாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை, பயமாக இருந்தது.

"மடக்கி மடக்கிப் பார்த்து, அப்பவும் சரியா வரலைன்னா?" என்றார். "அப்புறம் ஸ்டோர்தான்னு ஆயிடும்ல. செய்யாம இருந்தா, நான் செய்யலை, அதான் வரலைன்னு இருந்துக்கலாம். வண்டி இன்னும் என்னுதுதான்னு நினைச்சுக்கிட்டே இருக்கலாம்."

அடப்பாவி மனுஷா! இதை வாயைத் திறந்து சொல்லியிருக்கக் கூடாதா? பூவுக்கும் தேனீக்கும் அத்தனை பேச்சு. இதற்கு மட்டும் வாய் பூட்டிக்கொண்டதா? ஓங்கி ஒன்று வைக்கலாம் போல இருந்தது. கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது. சுற்றிலும் ஆட்கள் வெயில் காய்ந்துகொண்டிருந்ததால் இரண்டையும் செய்யாமல், அவர் கால்சட்டையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டேன். முட்டி இரண்டிலும் பச்சைக் கறை. போகவே போகாது, நான்தான் தேய்க்க வேண்டும்.

அதற்கப்புறம் மீதி நாட்களில் கத்திக்கொண்டேதான் மடக்கினார், ஆனால் மடக்கினார்.

டிப்போ மருத்துவர் குத்துக்காலிட்டு உட்காரச் சொன்னார். உட்கார்ந்தார். முழுக்க இல்லை, நாற்காலி உயரத்துக்கும் கீழே கொஞ்சம். அதற்கு மேல் முட்டி இறங்கவில்லை.

"மடங்குது," என்றார் மருத்துவர். "ஆனா இது பத்தாது. இன்னும் ஒரு மாசம் தரேன். அப்பவும் இவ்வளவுதான்னா, நான் ஸ்டோருக்குத்தான் எழுதணும். தப்பா நினைக்காதீங்க."

நான் இவர் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை. தடியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். வாசலில் அவருடைய வழித்தட வண்டியே நின்றது. ஓட்டுகிற பையன் கதவைத் திறந்து, "ரேடியோண்ணே, ஏறுங்க, வீட்டாண்ட இறக்கிவிடுறேன்" என்றான்.

"நீ போ. நான் நடந்து வரேன்."

டிப்போவிலிருந்து வீடு எவ்வளவு தூரம் என்று அவருக்குத் தெரியாதா? ஆயிரம் தடவை ஓட்டியவர்தானே? புதுச் செருப்பு வேறு என் காலைக் கடித்துக்கொண்டிருந்தது. கடைவீதி தாண்டி, பாலம் தாண்டி, பூங்காவுக்குள் நுழைந்தார். எல்லா மரமும் பூத்துக் கிடந்தது. முதல் பெஞ்சிலிருந்து யாரோ கைதட்டிக் கூப்பிட்டார்கள். தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போனார். ஒவ்வொரு அடிக்கும் வலது முட்டியை மடக்கித் தூக்கி வைத்தார். ஒவ்வொரு அடிக்கும் பல்லைக் கடித்தார்.

"என்னங்க, கொஞ்சம் உட்காருவோம். எனக்கு முடியலை."

"நீ உட்காரும்மா," என்றார், திரும்பாமல். "எனக்கு ஒரு மாசந்தான் இருக்கு."

பெஞ்சில் உட்கார்ந்தேன். கோபமாக வந்தது. இத்தனை நாள் நட நட என்று தொண்டை கிழியக் கத்தினவளை நடுவழியில் விட்டுவிட்டுப் போகிறாரே, ஒரு வார்த்தை திரும்பிப் பார்த்துச் சொன்னால் என்ன? கண்ணில் வேறு நீர் முட்டியது. தூரத்தில் அவர் முதுகு மட்டும் தெரிந்தது, தடுமாறித் தடுமாறி, நிற்காமல். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன்.