பதினைந்தாம் நம்பர் ஸ்பேனர்

துருப்பிடித்த நட்டு அசையவில்லை. கண்ணாயிரம் மூன்றாவது முறையாக ஸ்பேனரை மாட்டித் திருப்பினார். ஸ்பேனர்தான் வழுக்கிக்கொண்டு சுற்றியது. நட்டின் ஆறு முனையும் மழுங்கி, சப்பித் துப்பிய மிட்டாய் மாதிரி உருண்டையாகியிருந்தது.

"ரவுண்டாயிடுச்சி பாப்பா. ஸ்பேனர் புடிக்காது. உளியும் சுத்தியும் எடு."

தனுஷா எடுத்துக் கொடுத்தாள். அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த நட்டு எப்படி உருண்டையானது என்று அவளுக்குத் தெரியும். ஒரு வருஷமாகத் தெரியும். தனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

நாளைக்கு அம்மாவுக்கு முதல் வருஷத் தெவசம். படையல் முடிந்ததும் மலை மேல் இருக்கும் கரியாலூர் வரைக்கும் போய்வர வேண்டும் என்று அப்பா நேற்று சொன்னார். ஏன் என்று அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. ஒரு வருஷமாகத் தகரக் கொட்டகையில் நின்ற அம்பாசிடரை இன்று காலையில்தான் இரண்டு பேருமாக வேப்பமரத்து நிழலுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

இருபத்தாறு வருஷம் அந்த வண்டியை வாடகைக்கு ஓட்டியவர் கண்ணாயிரம். கள்ளக்குறிச்சியிலிருந்து மலைக்கு அருவி பார்க்கப் போகிறவர்களில் பாதிப்பேரை அவர்தான் ஏற்றிப்போயிருப்பார். "ஊரையே கூட்டிக்கினு போய் அருவி காட்டற. என்ன மட்டும் காட்ட மாட்டன்ற" என்று மனைவி தங்கமணி வருஷத்துக்கு நாலு தடவையாவது சொல்லிக் காட்டுவாள். போன வருஷம் ஒருநாள் வாடகை எதுவும் இல்லை. "கெளம்பு, இன்னிக்கே போவலாம்" என்றார். தங்கமணி நம்பவில்லை. நம்பியதும் தலைக்கு ஊற்றிக்கொள்ளப் போனாள்.

தனுஷாவுக்கு அன்று மதியம் பரீட்சை, அதனால் அவள் போகவில்லை. பி.எஸ்சி. இயற்பியல், கடைசி வருஷம். வண்டியைக் கிளப்பிப் பார்த்த அப்பா, "பெல்ட்டு கத்துது. குளிச்சிட்டு வந்து இறுக்கிக்கறேன்" என்று துண்டை எடுத்துக்கொண்டு போனார். ஃபேன் பெல்ட் தளர்ந்தால் விசிறியும் சுற்றாது, தண்ணீர் பம்ப்பும் சுற்றாது, எஞ்சின் கொதித்துவிடும். டைனமோவை வெளிப்பக்கம் நெம்பி, அதைப் பிடித்திருக்கும் ஒரே ஒரு நட்டை இறுக்கினால் பெல்ட் விறைத்துக்கொள்ளும். அப்பா செய்வதை அவள் சின்ன வயசிலிருந்து பார்த்திருக்கிறாள். அவர் வருவதற்குள் செய்து வைத்துவிடலாம் என்று தோன்றியது.

அந்தப் பழைய வண்டியின் நட்டுகள் எல்லாம் இஞ்ச் அளவு. அதற்கான ஸ்பேனர் செட்டை அப்பா பீரோவில் பூட்டி வைத்திருப்பார். சாவி அவர் அரைஞாணில் இருக்கும். குளியலறைக் கதவைத் தட்டி சாவி கேட்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது. ஒன்பதின் கீழ் பதினாறு இஞ்ச் நட்டு அது; மனசுக்குள் கணக்குப் போட்டாள். ஒன்பதைப் பதினாறால் வகுத்து இருபத்தைந்து புள்ளி நாலால் பெருக்கினால், பதினாலே கால் மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. கார் டிக்கியில் கிடந்த சாதாரண மில்லிமீட்டர் ஸ்பேனர்களில் பதினாலு உள்ளே நுழையவில்லை. பதினைந்து நுழைந்தது. முக்கால் மில்லிமீட்டர் இடைவெளி. அது ஒன்றும் பெரிசில்லை என்று நினைத்தாள்.

டைனமோவைக் கட்டையால் நெம்பிக்கொண்டு பலம் கொடுத்து இழுத்ததும் ஸ்பேனர் வழுக்கியது. மறுபடியும் மாட்டினாள். மறுபடியும் வழுக்கியது. நாலாவது தடவையில் முனைகள் போய்விட்டன. பெல்ட்டை விரலால் அழுத்திப் பார்த்தாள். விறைப்பாகத்தான் இருந்தது. அப்பா வந்து கிளப்பியபோது சத்தமும் இல்லை. திட்டுவாரே என்று பயந்து அவள் ஒன்றும் சொல்லவில்லை.

கரியாலூரில் டீ குடித்துக்கொண்டிருக்கும்போதே அம்மாவுக்கு நெஞ்சு வலித்தது. அருவிக்கு இன்னும் போகவில்லை. அப்பா வண்டியைத் திருப்பிக்கொண்டு மலையிறங்கினார். கோமுகி அணையைத் தாண்டியதும் பானட்டிலிருந்து ஆவி கிளம்பியது. டைனமோ உள்ளே சரிந்து, பெல்ட் தொங்கிக்கொண்டிருந்தது. ஆம்புலன்ஸ் வர நாற்பது நிமிஷம். முன்னாடியே கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று டாக்டர் சொல்லவில்லை. பிழைத்திருக்க மாட்டாள் என்றும் சொல்லவில்லை.

துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் அப்பா ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார். "பெல்ட்ட பாக்காம வண்டிய எடுத்துட்டேன். என் தப்பு." அம்மாவின் தம்பி ஆதிமூலம் காரியத்தன்று பந்தலில் எழுந்து நின்று, "எங்கக்காவ ஓட்ட வண்டியில ஏத்திக் கொன்னுட்டியே" என்று கத்திவிட்டுப் போனார். அதற்கப்புறம் இந்த வீட்டில் அவர் கை நனைத்ததில்லை.

இப்போது அவருடைய பைக்தான் வாசலில் வந்து நின்றது. படையலில் வைக்கத் தாய்வீட்டுப் புடவை வேண்டும் என்பதால் வந்திருந்தார்.

"இன்னா மாமா, செத்த வண்டிக்கு வைத்தியமா?"

"வா மாப்ள. உக்காரு."

"உக்கார வரல. புடவைய குடுத்துட்டுப் போவலாம்னு வந்தேன்."

தனுஷா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். "வேணாம்மா" என்றார், எங்கோ பார்த்துக்கொண்டு. அவள் சொம்பைத் துவைக்கிற கல் மேல் வைத்தாள்.

கண்ணாயிரம் நட்டின் ஓரத்தில் உளியைச் சாய்த்து வைத்து, கழற்றும் பக்கமாகத் தட்டினார். உளி விலகிப் போயிற்று. ஆதிமூலம் கொஞ்ச நேரம் பார்த்தார். களமருதூரில் சொந்த டிராக்டர் வைத்திருப்பவர்; பார்த்துக்கொண்டே நிற்க முடியவில்லை.

"டீசல் ஊத்துனியா?"

"விடியக்காலயே ஊத்திட்டேன்."

"தட்டற தட்டுக்கு நட்டு தூங்கிடும். தள்ளு. இருவத்தாறு வருசம் வண்டி ஓட்டுனாராம்!"

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சுத்தியலை வாங்கினார். நாலு அடி. அஞ்சாவது அடியில் நட்டு கிறீச்சென்று முனகியது. இடுக்கியால் பிடித்து மெதுவாகத் திருகி எடுத்து, உள்ளங்கையில் வைத்து வெளிச்சத்தில் பார்த்தார்.

"மாமா."

"இன்னா?"

"லூசு ஸ்பேனர் போட்டுத் திருப்புனாதான் இப்படி முனை போவும். உன் கண்ணாலத்துல எங்கப்பாரு உனக்கு செயின் போடறேன்னாரு. செயின் வேணாம், இஞ்ச் செட்டு வாங்கிக் குடுங்கன்னு கேட்ட. ஊரே சிரிச்சிது. அதப் பீரோவுல பூட்டி வச்சிக்கினு இருக்கற ஆளு நீ. நீயா இந்த நட்ட இப்படிக் கடிச்ச?"

"நான்தான். அவசரத்துல வேற ஸ்பேனர் போட்டுட்டேன்."

கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னார். ரொம்ப நாளாகத் தயாராக வைத்திருந்த பதில் மாதிரி இருந்தது. தனுஷா அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். அப்பாவுக்குத் தெரியும். அப்பாவுக்கு முதலிலிருந்தே தெரியும்.

"நான்தான் மாமா" என்றாள்.

சத்தமே வரவில்லை. ஆதிமூலம் திரும்பிப் பார்த்ததால் இன்னொரு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

"நான்தான் பதினஞ்சு போட்டேன். அப்பா குளிச்சிக்கினு இருந்தாரு. பதினஞ்சு போதும்னு நெனச்சேன். வழுக்கிச்சி. யாருகிட்டயும் சொல்லல."

"உள்ள போ பாப்பா" என்றார் கண்ணாயிரம்.

அவள் போகவில்லை. ஆதிமூலம் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு வருஷமாக ஒரே ஆளைத் திட்டிப் பழகிய வாய் திறந்து, மூடிக்கொண்டது. அக்காவின் அதே ஒடுங்கின மோவாய் இந்தப் பெண்ணுக்கு.

"எங்கக்காவுக்குத் தெரியுமா?" என்று கடைசியில் கண்ணாயிரத்தைக் கேட்டார்.

"நட்டு போனது தெரியாது." கண்ணாயிரம் கையைக் கந்தல் துணியில் துடைத்தார். துடைத்த கையையே மறுபடி துடைத்தார். "பாப்பா ஸ்பேனர வச்சிக்கினு மல்லுக்கட்டினத சமையக்கட்டு சன்னல்லருந்து பாத்திருக்கறா. 'உம் பொண்ணு பெல்ட்ட இறுக்கிட்டா, சத்தம் வருதா பாரு'ன்னு மலையேற வரைக்கும் அதே பேச்சு. கரியாலூர்ல டீக்கடைக்காரன் கிட்டகூட சொன்னா."

தனுஷா பானட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அம்மா பார்த்தது அவளுக்கு இதுவரை தெரியாது.

ஆதிமூலம் நட்டை மட்கார்டு மேல் வைத்துவிட்டுக் குழாயடிக்குப் போனார். மண் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கை கழுவினார். புடவைப் பையைக் கதவுக் கொண்டியில் மாட்டினார். பைக்கில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் கேட்டார்.

"நாளைக்குப் படையல் எத்தன மணிக்கு?"

"பத்து மணிக்கு" என்றார் கண்ணாயிரம்.

தலையை ஆட்டிவிட்டுப் போனார். சொம்புத் தண்ணீர் துவைக்கிற கல் மேலேயே இருந்தது.

கண்ணாயிரம் உள்ளே போய்ப் பீரோவைத் திறக்கும் சத்தம் கேட்டது. தங்கமணியின் பழைய புடவைத் துண்டில் சுற்றிய மூட்டையோடு வந்தார். போல்ட்டில் புது நட்டை விரலாலேயே சுற்றி ஏற்றிவிட்டு, டைனமோவைக் கட்டையால் நெம்பிப் பிடித்துக்கொண்டார்.

"ஒம்போது பதினாறு எடு. நீயே இறுக்கு."

"வேணாம்பா."

"எனக்குக் கை நடுங்குது பாப்பா. இறுக்கு."

ஸ்பேனர் நட்டின் மேல் கொஞ்சம்கூட ஆடாமல் உட்கார்ந்தது. தனுஷா திருப்பினாள். கண்ணீர் மறைத்தது, தோளில் துடைத்துக்கொண்டு திருப்பினாள். கட்டை விரலால் பெல்ட்டை அழுத்திப் பார்த்தாள்.

"போதுமாப்பா?"

"இன்னும் கால் சுத்து."

கால் சுற்று திருப்பினாள்.

"போதும்" என்றார்.

அவள் விரலைப் பெல்ட்டிலிருந்து எடுக்கவில்லை. மறுபடியும் அழுத்திப் பார்த்தாள்.