ஆமென் சொல்லும்வரை

பெட்ரா மான்சா நகர்மன்றத்தின் மேசைமேல் ஒரு வேதப்புத்தகம் எப்போதும் விரித்தபடியே கிடக்கும். தொண்ணூற்றோராம் சங்கீதம். அந்த இரண்டு பக்கங்கள் மட்டும் வெயில் பட்டு மஞ்சளாகிவிட்டன; மற்றவை அச்சகத்திலிருந்து வந்தபடியே ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. கூட்டம் தொடங்குமுன் உறுப்பினர் ஒருவர் முறைவைத்து வேதம் வாசிக்க வேண்டும் என்பது விதி. முறை வந்தவர் அந்த மஞ்சள் பக்கத்தில் முதல் இரண்டு வசனங்களை முணுமுணுத்து, ஒரு ஆமென் போட்டுவிட்டு உட்காருவார். அதற்குப் பிறகுதான் உண்மையான வழிபாடு. சாலை ஒப்பந்தம் யார் மச்சானுக்கு என்று பேசத் தொடங்குவார்கள்.

விதியைக் கொண்டுவந்தவர் மன்றத் தலைவர் பாஸ்டர் எட்னால்டோ. ஊரில் கால்வாசியை வளைத்துப் போட்டிருந்த பரலோக வாசல் சபையும் அவருடையதுதான். வேதம் வாசிக்கும்போது எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும், வாசிப்பவர் ஆமென் சொல்லும்வரை எவரும் உட்காரவோ குறுக்கே பேசவோ கூடாது, ஆமென் சொன்ன பிறகே கூட்டம் தொடங்கியதாகக் கொள்ளப்படும் என்று தன் கைப்பட எழுதிவைத்தார். முன்பொரு தரம் வாசிப்பு நடுவே எவரோ சிரித்துவிட்டார்களாம், அந்தக் கோபம்.

அந்த விதிக்கு எதிராக எழுந்தவள் ஜாசிரா ஒருத்திதான். பேருந்தில் நடத்துனராக இருந்து உறுப்பினரானவள். வேதத்தை வெறுத்தவளல்ல, பாப்டிஸ்டு சபையில் வளர்ந்தவள், ஜெபிக்காமல் ஒரு வாய் சோளமாவுக் கூஸ்கூஸ் சாப்பிட மாட்டாள். "நான் ஞாயித்துக்கிழமை சபையில வாசிக்கிறேன். இது தண்ணிக்குழாயும் சாக்கடையும் பேசுற எடம். ரெண்டையும் தனித்தனியா வச்சாத்தான் ரெண்டுக்கும் மரியாதை," என்றாள். அன்று மாலையே எட்னால்டோ உள்ளூர் வானொலியில் அவளை அந்திக்கிறிஸ்துவின் ஆள் என்று அறிவித்தார். அதன்பின் தன் முறை வந்தபோதெல்லாம் ஜாசிரா வாசிக்க மறுத்தாள். புத்தகம் அடுத்தவரிடம் போகும்.

இப்படியே மூன்று வருடம் ஓடிய பிறகு, டிசம்பரில் குழந்தைகளின் பகல்நேரக் காப்பகத்தின் மேல் கைவைத்தார்கள்.

காப்பகம் சபைக் கட்டடத்துக்குப் பக்கத்து மனையில் இருந்தது. நகராட்சி நிலம். அதை 'ஆன்மீகப் பணிக்காக' சபைக்கு எழுதிக்கொடுக்கத் தீர்மானம் வந்தது. ஆன்மீகப் பணி என்னவென்றால் கார் நிறுத்துவது. விசுவாசிகளின் கார்கள் வெயிலில் காய்வதைக் கர்த்தர் பொறுக்க மாட்டார் போலிருக்கிறது. குழந்தைகளுக்கு வேறு இடம் எங்கே என்று ஜாசிரா கேட்டதற்கு, தாய்மார்கள் வீட்டில் இருந்து வளர்ப்பதுதான் தேவசித்தம் என்று பதில் வந்தது. முந்திரி ஆலைக்குப் போகாவிட்டால் அந்தத் தாய்மார்கள் வீட்டில் எதைச் சமைப்பார்கள் என்பதற்குத் தேவசித்தம் ஒன்றும் இல்லை.

ஜாசிராவுக்குப் பத்து விரலிலும் ரேகை கிடையாது. காப்பகம் இல்லாத காலத்தில் அவள் அம்மா அவளை ஆலைக்குத் தூக்கிக்கொண்டு போவாள். முந்திரி ஓட்டின் எண்ணெய் பட்டு விரல் நுனி வெந்து வெந்து வழுவழுப்பாகிவிட்டது. இப்போது அவள் மகள் ரோசில்டா அதே ஆலையில் வேலை செய்கிறாள். பேத்தி காப்பகத்தில் இருக்கிறாள். அந்தப் பிஞ்சு விரல்களில் இன்னும் ரேகை இருந்தது.

மன்றத்தின் ஒன்பது ஓட்டில் ஆறு, தன்னுடையதையும் சேர்த்து, எட்னால்டோவின் சட்டைப்பையில். ஓட்டுக்கு வந்தால் காப்பகம் போனதுதான். ஆனால் வரப்போவது தேர்தல் வருடம். அதில் பொதுச்சொத்தை எவருக்கும் தூக்கிக் கொடுக்கச் சட்டம் விடாது. தேர்தலுக்குப் பிறகு அந்த நாற்காலியில் யார் இருப்பார்களோ, எட்னால்டோவுக்கே நிச்சயமில்லை. ஆகவே வருடத்தின் கடைசிக் கூட்டத்தில் முடித்தாக வேண்டும். கூட்டத்துக்கு மாலை ஆறு மணிவரைதான் நேரம்.

மதியம் பார்வையாளர் மாடம் நிரம்பி வழிந்தது. தீர்மானம் நிறைவேறியதும் பாட்டுப் பாட, சபைப் பெண்களை வெள்ளை ரவிக்கையில் இரண்டு பேருந்து நிறைய இறக்கியிருந்தார்கள். வானொலிக்காரனும் வந்திருந்தான். வேதவாசிப்பு ஜாசிராவின் முறை. எட்னால்டோ வழக்கம்போல அடுத்தவரை அழைக்க வாயெடுக்கும்போது அவள் எழுந்தாள்.

"நானே வாசிக்கிறேன்."

எட்னால்டோவின் முகம் மலர்ந்துவிட்டது. ஒலிபெருக்கியைப் பிடித்து, "கர்த்தர் நம்ம சிஸ்டரோட கல்நெஞ்ச ஒடச்சிட்டார், எல்லாரும் ஸ்தோத்திரம் சொல்லுங்க," என்றார்.

"இங்க நான் சிஸ்டர் இல்ல தலைவரே, உறுப்பினர்," என்று சொல்லிவிட்டு ஜாசிரா புத்தகத்தை இழுத்துக்கொண்டாள்.

மஞ்சள் பக்கத்தை அவள் புரட்டினாள். வழுவழுத்த விரலுக்கு மெல்லிய தாள் பிடிபடவில்லை. நடத்துனர் காலப் பழக்கத்தில் விரலை நாக்கில் தொட்டு, ஒட்டிய பக்கங்களைப் பிரித்தாள். ஏழை ஒருவனின் திராட்சைத் தோட்டம் தன் அரண்மனைக்குப் பக்கத்தில் இருப்பதால் அதன்மேல் ஆசைப்பட்ட ராஜாவின் கதையை எடுத்து நிதானமாக வாசித்தாள். எட்னால்டோ பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார். கதை முடிந்தது. எல்லோரும் ஆமெனுக்காகக் காத்திருந்தார்கள். ஜாசிரா மறுபடி விரலை நாக்கில் தொட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினாள்.

பிறகு நிற்கவேயில்லை. யார் யாரைப் பெற்றார்கள் என்ற வம்சவரிசைக்கு வந்தபோது, பேருந்தில் நிறுத்தங்களைக் கூவிய குரலில் ஒவ்வொரு பெயராக அறிவித்தாள். ஒருவரையும் விடவில்லை. வாதநோய்க்கார உறுப்பினர் ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றார். இன்னொருவர் நாற்காலியில் லேசாகச் சாய்ந்தபோது மாடத்திலிருந்து அத்தனை வெள்ளை ரவிக்கைகளும் அவரை முறைத்தன. மேசையில் காபி ஆறிப்போயிற்று. மக்களுக்காக ஒரு நாளும் கால் கடுக்க நிற்காத கூட்டம் அன்று வேதத்துக்காக நின்றது. பார்க்கக் கண்கோடி வேண்டும்.

ஜாசிராவின் தொண்டை கட்டத் தொடங்கியது. விழுந்தால் காப்பகம் விழும் என்று தெரிந்ததால் மேசை விளிம்பைப் பற்றிக்கொண்டாள்.

வெயில் தாழும்போது எட்னால்டோ பொறுமையிழந்து, ஒலிபெருக்கியை அணைக்கும்படி பணியாளருக்குச் சைகை காட்டினார். மாடத்தில் முன்வரிசையிலிருந்த ஓட்டீலியா அதைப் பார்த்துவிட்டாள். அவருடைய சபையிலேயே முதலில் ஞானஸ்நானம் எடுத்த பெண்மணி.

"பாஸ்டர் அய்யா, வேதம் வாசிக்கிறப்ப நிறுத்தச் சொல்றது பிசாசு வேலைன்னு போன வாரம்தான பிரசங்கம் பண்ணீங்க?"

மாடம் முழுக்க ஆமென் என்றது. வானொலியில் ஊரே கேட்டுக்கொண்டிருந்தது. எட்னால்டோ கையைக் கீழே போட்டார்.

மணி ஆறடித்தது. ஜாசிரா புத்தகத்தை மூடினாள். ஆமென் மட்டும் சொல்லவில்லை. ஆகவே கூட்டம் தொடங்கவேயில்லை, தீர்மானம் எடுக்கப்படவேயில்லை, மனை நகராட்சியிடமே நின்றது. அழைத்து வரப்பட்ட பெண்கள் வந்தது வீண்போகக் கூடாதென்று ஒரு பாட்டைப் பாடிவிட்டே பேருந்தில் ஏறினார்கள்.

பிப்ரவரியில் மன்றம் மீண்டும் கூடியது. முதல் தீர்மானம் தலைவருடையது. மன்றத்தில் வேதம் வாசிக்கும் வழக்கத்தை நீக்க வேண்டும் என்றார். தொண்டையைச் செருமிக்கொண்டு காரணமும் சொன்னார்.

"சபை வேற, நிர்வாகம் வேற. ரெண்டையும் தனித்தனியா வச்சாத்தான் ரெண்டுக்கும் மரியாதை."

சொல்லும்போது ஜாசிராவின் பக்கம் அவர் திரும்பவில்லை. வெட்கம் என்று நினைக்க வேண்டாம்; அந்தச் சரக்கு அவரிடம் ஒருநாளும் இருந்ததில்லை. நின்று நின்று கடுத்த கால்கள் நினைவுக்கு வர, ஆறு கைகளும் உடனே உயர்ந்தன. மற்ற இருவரும் தூக்கினார்கள். கடைசியாக ஜாசிரா தன் ரேகையில்லாத கையை உயர்த்தி, டிசம்பரில் சொல்லாமல் பாக்கி வைத்திருந்ததைச் சொன்னாள்.

"ஆமென்."