பதினேழாம் எண் பெட்டி

சனிக்கிழமை காலை, தங்கமணி அக்கா பட்டறையைக் கூட்டிவிட்டு வாசலில் நின்றார்.

"தம்பி, அந்த அலுமினியத் தட்டுல தண்ணி வெச்சுட்டுப் போகாதீங்க லா. கொசுப்புழு இருந்தா டெங்கி ஆபீசர் சம்மன் போட்டுருவாரு. புதன்கிழம நீங்க சாப்பிடப் போனப்பகூட நான்தான் கீழ கொட்டினேன்."

"சாப்பிடப் போனப்பவா? சாயங்காலம் இல்லியா?"

"சாயங்காலம் எனக்கு ஏது நேரம்? மத்தியானந்தான்."

செபாஸ்டியன் தட்டைத் திரும்பிப் பார்த்தான். புதன்கிழமை அந்தத் தட்டில் அவன் வேலையை ஆரம்பித்ததே சாப்பிட்டு வந்த பிறகுதான்.

மேரு என்ற ஊருக்கு அப்பால் இருக்கும் அந்தத் துப்பாக்கி சுடும் கிளப்பில், சுட்ட தோட்டாக்களின் பித்தளை உறைகளை மறுபடி பயன்படுத்தத் தயார் செய்வது அவன் வேலை. சுடச் சுட உறையின் கழுத்து இறுகி விரிசல் விடும். அதனால் கழுத்தை மட்டும் தீயில் காட்டி இளக்க வேண்டும். அடிப்பக்கம் இளகவே கூடாது. வெடிக்கும்போது அழுத்தத்தைத் தாங்குவது அதுதான். அது இளகிப்போனால் உறை பிளந்து, கொதிக்கும் வாயு சுடுபவரின் முகத்துக்கே வரும். அதனால்தான் உறைகளைப் பாதியளவு தண்ணீரில் நிறுத்துவது. கழுத்து மங்கலாகச் சிவந்ததும் தட்டிச் சாய்த்தால், சுர்ரென்று அணையும். அந்தச் சிவப்பு தெரிவதற்காக அறையை இருட்டாக்கிக்கொள்வான்.

புதன்கிழமை காலையில் ஊற்றி வைத்த தண்ணீர் இல்லாதது இருட்டில் தெரியவில்லை. சரி, சத்தம்? ஐம்பது உறைகள் சாய்ந்தன, ஒன்றுகூடச் சுர்ரென்று சொல்லவில்லை. அது அவன் காதில் உறைக்கவில்லை. மனைவி உர்சுலா இறந்து நான்கு மாதம். எதுவும் உறைப்பதில்லை. மறுநாள் காலை தட்டு காய்ந்து கிடந்தபோது, அக்கா கொட்டியிருப்பார் என்று நினைத்துக்கொண்டான். உறைகளின் நிறத்தைக்கூடப் பார்க்காமல் பாலிஷ் இயந்திரத்தில் போட்டான். எல்லாம் ஒரே மாதிரி பளபளவென்று வந்தன. மருந்தடைத்துப் பதினேழாம் எண் பெட்டியில் அடுக்கினான்.

அலமாரியில் பதினேழாம் எண் பெட்டி இல்லை. பதிவேட்டில் பெயர் இருந்தது: பெர்னிஸ். மாநிலக் குழுவில் சுடும் பெண். எடுத்துப் போய் இருபது நிமிடம்.

ஓடினான். தூரத்தில், சுடும் திடலில், ஒரு வேட்டு. நின்று காதைத் தீட்டினான். மறுபடி ஒன்று. அப்படியென்றால் இன்னும் சுடுகிறாள். அடுத்த வேட்டு வர நேரமானது. அதுவும் வந்தது. மறுபடி ஓடினான்.

ஆபத்தென்றால் யார் வேண்டுமானாலும் நிறுத்தச் சொல்லலாம் என்பது அங்கே விதி.

"ஸ்டாப்! ஸ்டாப்!"

கண்காணிப்பாளர் வைரவன் திரும்பிப் பார்த்து விசில் ஊதினார். பெர்னிஸ் துப்பாக்கியை விட்டுக் கையை எடுத்தாள்.

"என்னப்பா, பாம்பா?" வைரவன் சிரித்தார். "போன மாசம் உடும்பைப் பாத்து இப்படித்தான் ஒருத்தன் கத்தினான்."

"சுடக்கூடாது அண்ணே. அந்தப் பெட்டி சரியில்ல."

"நல்லாத்தானே அண்ணே போகுது?" என்றாள் பெர்னிஸ். "போல்ட்டைத் தூக்கத்தான் கொஞ்சம் டைட்டா இருக்கு. கடைசி ரெண்டுக்கு ரெண்டு கையும் போட வேண்டியதாப் போச்சு."

வைரவனின் சிரிப்பு நின்றது. சுட்ட உறை உள்ளே வீங்கிப் பிடித்தால்தான் அதை வெளியே எடுக்கும் போல்ட் அப்படி இறுகும். அவளைப் பின்னால் போகச் சொல்லிவிட்டு, துப்பாக்கிக்குள் இருந்த தோட்டாவை அவரே வெளியே எடுத்தார். சுட்ட உறைகள் அவள் படுத்துச் சுட்ட பாயில் சிதறிக் கிடந்தன. செபாஸ்டியன் ஒன்றை எடுத்துக் கவிழ்த்தான். அடியில் இறுக்கமாகப் பொருந்தியிருக்க வேண்டிய சிறு மூடி தானாகக் கழன்று உள்ளங்கையில் விழுந்தது. அது இருந்த குழியைச் சுற்றிக் கரி, வாயு பின்பக்கமாகக் கசிந்த தடம்.

"யார் தப்பு இது?" வைரவன் தாழ்ந்த குரலில் கேட்டார்.

தங்கமணி அக்காவின் பெயர் நாக்கு நுனிவரை வந்தது.

"என் தப்பு. தட்டுல தண்ணி இருக்கான்னு விரல வெச்சுப் பாக்கல. பாக்காமலே தீ வெச்சேன்."

"பட்டறைச் சாவியக் குடு."

கொடுத்தான்.

பெர்னிஸ் பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தாள். வலது கண்ணாடியில் பொடிப்பொடியாகக் கரும்புள்ளிகள்.

"அண்ணே, காலைல இது துடைச்சு சுத்தமா இருந்துச்சே. இது என்ன?"

அவனுக்குத் தெரியும். அவள் முகத்தையே பார்த்தான், கண்களை, புருவத்தை, மறுபடி கண்களை. பிறகு வெறுஞ்சிமெண்டில் உட்கார்ந்துவிட்டான்.