நாற்பது சுற்றுச் செம்புக் குழாய்

சுலோச்சனா அந்தப் படிவத்தை நிரப்பிவிட்டு இரண்டு நாளாக அனுப்பாமல் வைத்திருந்தாள்.

சென்னையில் அவள் இயந்திரப் பொறியியல் படித்த பல்கலைக்கழகத்தில் இப்போது எரிசக்திக்கும் காலநிலைக்கும் என்று தனியாக ஓர் ஆய்வு நிறுவனம் இருக்கிறது. அவள் படித்த காலத்தில் அந்த இடத்தில் சைக்கிள்தான் நிறுத்துவார்கள். நிறுவனத்திலிருந்து பழைய மாணவர்களுக்கெல்லாம் ஒரு மின்னஞ்சல் வந்திருந்தது. பழைய மாணவர் ஒருவரும் இப்போது படிக்கிறவர் ஒருவரும் ஜோடி சேர வேண்டும். வீடோ, விடுதியோ, தொழிற்சாலையோ, உண்மையான ஓர் இடத்தை எடுத்துக்கொண்டு மூன்று மாதத்துக்குள் அங்கே எரிசக்திச் செலவைக் குறைக்க வேண்டும். பங்குனியில் எல்லோரும் கூடும் நாளில் செய்ததை விளக்க வேண்டும்.

பெயர் கொடுத்தவர்களின் பட்டியலில் அவள் வகுப்புத் தோழர்கள் நாலு பேர் இருந்தார்கள். ஒருவன் காற்றாலை கம்பெனியில் பெரிய பதவி. இன்னொருத்தி ஜெர்மனியில். சுலோச்சனா படிப்பு முடித்த மறு வருஷம் அத்தை மகனைக் கட்டிக்கொண்டு திருத்தணிக்கு வந்தவள். இருபத்து மூன்று வருஷமாக மலையடிவாரத்தில் கல்யாண மண்டபம் நடத்துகிறாள். அவள் கடைசியாகக் கணக்குப் போட்டுப் பார்த்த இயந்திரம் மண்டபத்து மாவரைக்கும் கிரைண்டர்.

"இன்னும் அதையே பாத்துகினு இருக்கிறியா?" என்று கேட்டான் கணவன் டில்லிபாபு.

"நாம இன்னா பாவா செய்யப்போறோம், மண்டபத்தில? ரெண்டு பல்பை மாத்திட்டுப் போய் நின்னா சிரிப்பாங்க."

"சிரிச்சா சிரிக்கட்டும். நம்ம மண்டபத்துக்குக் கரண்டு பில் குறைஞ்சா நான் சிரிப்பேன்." அவன் குனிந்து, அவள் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, அனுப்பும் பொத்தானைத் தானே தட்டிவிட்டான்.

ஜோடியாக வந்தவள் தேவிப்பிரியா. எரிசக்திப் பொறியியல் முதுகலை இரண்டாம் ஆண்டு. தை பிறந்த முதல் முகூர்த்தத்துக்கு முந்தின நாள், முதுகில் ஒரு பையும் கையில் ஒரு பெட்டியுமாக ரயிலில் வந்து இறங்கினாள். பெட்டியில் மின்சாரம் அளக்கும் கருவிகள். அவற்றை மண்டபத்து மெயின் போர்டில் மாட்டிவிட்டு, "மேடம், ரெண்டு நாள் யாரும் இதைத் தொடக் கூடாது" என்றாள்.

"மேடம் வேணாம்மா. அக்கான்னு கூப்பிடு."

"சரிங்கக்கா. ஆனா தொடக் கூடாது."

கல்யாணம் முடிந்ததும் இருவரும் உட்கார்ந்து கணக்குப் பார்த்தார்கள். குளிர்சாதனம்தான் எமனாக இருக்கும் என்று சுலோச்சனா நினைத்திருந்தாள். இல்லை. அறைகளில் இருக்கும் பதினாலு கீசர்கள்தான். திருத்தணிக் கல்யாணத்தின் லட்சணம் அது. தாலி கட்டுவது மலைமேல், சாப்பாடு கீழே மண்டபத்தில். ஆறு மணி முகூர்த்தத்துக்கு மேலே போய்ச் சேர வேண்டும் என்றால் இரு வீட்டு ஜனமும் விடியுமுன்பே குளித்தாக வேண்டும். தை மாதக் குளிரில் பச்சைத் தண்ணீரில் யார் குளிப்பார்கள்? ராத்திரி போட்ட கீசர் காலை வரை ஓடிக்கொண்டே இருந்தது.

"மொட்டை மாடியில சோலார் ஹீட்டர் வைக்கலாம்க்கா."

"வைக்கலாம். அதுக்கு இவரு இந்த வருஷம் ஒத்துக்க மாட்டாரு. வேற இன்னா இருக்குது, பார்ப்போம்."

அடுத்த முகூர்த்தத்தன்று, இருட்டுப் பிரியும் நேரத்தில் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க சுலோச்சனா மாடிக்குப் போனாள். சமையல்கட்டின் புகைபோக்கி மாடியைத் துளைத்துக்கொண்டு ஆளுயரத்துக்கு மேலே நிற்கும். கனமான இரும்புக் குழாய். அதைச் சுற்றிக் கயிறு கட்டிச் சமையல்காரர்கள் தங்கள் துண்டுகளைக் காயப்போட்டிருந்தார்கள். அவள் ஒரு துண்டைத் தொட்டுப் பார்த்தாள். அப்பளம்போல் மொறுமொறுவென்று இருந்தது. குழாயின் அருகே கையைக் கொண்டுபோனாள். சட்டென்று இழுத்துக்கொண்டாள்.

கீழே ஜனங்கள் குளிக்கும் அதே நேரத்தில்தான் அடுப்பும் முழு வீச்சில் எரிகிறது. அந்தச் சூடெல்லாம் ஒருத்தருக்கும் பயனில்லாமல் வானத்துக்குப் போகிறது. சுலோச்சனா அந்தக் குளிரிலேயே தரையில் உட்கார்ந்து, கரித்துண்டு ஒன்றை எடுத்து மாடித் தளத்தில் வரைய ஆரம்பித்தாள். புகைபோக்கியைச் சுற்றிச் செம்புக் குழாய். அதற்கு மேலே உயரத்தில், மூடி போட்ட ஒரு டிரம். அதிலிருந்து கீழே குளியலறைகளுக்கு ஒரு குழாய். குழாயில் சூடான தண்ணீர் தானாகவே மேலே ஏறும்; டிரம்மிலிருக்கிற பச்சைத் தண்ணீர் கீழே இறங்கும். மோட்டாரே வேண்டாம். தேவிப்பிரியா தேடிக்கொண்டு வந்தபோது படம் மூன்று முழ நீளத்துக்கு வளர்ந்திருந்தது.

"அக்கா, இது நல்லா இருக்கு" என்றாள் அவள், மெதுவாக. பிறகு கரித்துண்டை வாங்கி, எங்கெங்கே வெப்பமானி வைக்க வேண்டும் என்று தானும் புள்ளி போட்டாள்.

சமையல்கட்டு நாகேஷின் ராஜ்யம். தலைமுறை தலைமுறையாக மலைக்கோயில் மடைப்பள்ளியில் சமைக்கும் குடும்பம். அவர் மட்டும் கீழே இறங்கிக் கல்யாணச் சமையல் எடுத்து நடத்துகிறார். அவரிடம் கேட்காமல் அங்கே ஒரு கரண்டியைக்கூட இடம் மாற்ற முடியாது.

"என் அடுப்பைத் தொடப்படாது. மேலே நீங்க என்ன வேணும்னாலும் பண்ணிக்கோங்கோ" என்றார்.

பிளம்பர் சிங்காரம் வந்து இருபது சுற்று சுற்றினான். கல்யாணமில்லாத ஒரு நாளில் விறகு வைத்துப் பார்த்தார்கள். இரண்டு மணி நேரத்தில் டிரம்மிலிருந்த தண்ணீர் ஐம்பத்திரண்டு டிகிரி. தேவிப்பிரியா அதைப் படம் எடுத்து நிறுவனத்துக்கு அனுப்பினாள். டில்லிபாபு ஒரு வாளி பிடித்துக் கீழே கொண்டுபோய்க் குளித்துவிட்டே வந்தான்.

அத்தோடு விட்டிருக்கலாம். சுலோச்சனாவுக்கு ஆசை வந்துவிட்டது. இருபது சுற்றுக்கே இத்தனை என்றால்?

"நாற்பதாக்கிடு, சிங்காரம்."

"இன்னாம்மா, குழாய்க்கு ஸ்வெட்டர் போடச் சொல்றீங்களா?" என்று சிரித்துக்கொண்டே சுற்றினான்.

மாசி மாதத்தில் பெரிய கல்யாணம். கணக்கு நேர்மையாக இருக்க வேண்டும் என்று தேவிப்பிரியா முந்தின ராத்திரியே கீசர்களின் இணைப்பைத் துண்டித்துவிட்டாள். விடியற்காலையில் அடுப்பு பற்றவைத்தார்கள். கால் மணி நேரம் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. அதன்பின் வால்வுகளைத் திறந்து நாற்பது சுற்றிலும் தண்ணீரை விட்டார்கள். மாடியில் நின்றுகொண்டிருந்த சுலோச்சனாவுக்குக் கீழேயிருந்து முதலில் இருமல் சத்தம் கேட்டது. அடுத்து பாத்திரம் ஒன்று விழும் சத்தம். படியில் நாகேஷ் ஏறி வந்தார். கண் இரண்டும் கோவைப்பழம். தோளில் கிடந்த துண்டால் மூக்கைப் பொத்தியிருந்தார்.

"அம்மா, புகை மேலே போகலை. எல்லாம் உள்ளேயே திரும்பறது. பசங்க வெளியில ஓடிட்டா."

அவள் புகைபோக்கியில் கை வைத்தாள். முழுசாக வைக்க முடிந்தது. வெதுவெதுப்புகூட இல்லை. நாற்பது சுற்றிலும் நிறைந்திருந்த குளிர்ந்த தண்ணீர் சூட்டையெல்லாம் குடித்துவிட்டிருந்தது. சூடில்லாத புகை எப்படி ஏறும்? மூன்றாம் வருஷப் பாடம் அது. தேர்வில் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறாள்.

"தேவி, மேல் வால்வை மூடு" என்றாள். தானே குனிந்து கீழ் வால்வை மூடி, குழாயின் அடியிலிருந்த திறப்பை முழுக்கத் திருகிவிட்டாள். தண்ணீர் சீறிக்கொண்டு வந்து புடவையை நனைத்தது. நாற்பது சுற்றும் காலியாகிப் புகைபோக்கி மறுபடி சூடேறப் பத்து நிமிஷம் ஆனது. அதற்குள் கீழே அறைகளிலிருந்து வாளிகளோடு ஜனங்கள் வராந்தாவுக்கு வந்துவிட்டார்கள். தேவிப்பிரியா ஓடிப்போய்க் கீசர் இணைப்பைக் கொடுத்தாள். அது சூடேற இன்னொரு அரை மணி. பெண்ணின் தாய்மாமன் சுடுதண்ணி எங்கே என்று கேட்டுக்கொண்டு டில்லிபாபுவின் பின்னாலேயே நடந்தார்.

"வந்துகினே இருக்குதுங்க" என்று சொல்லிக்கொண்டே டில்லிபாபு அவருக்குக் காப்பிமேல் காப்பியாகக் கொடுத்தான். மூன்றாவது தம்ளரில் அவர் சாந்தமானார்.

சமையல்கட்டில் இன்னொரு சங்கடம். அண்டாவில் பாதி வெந்திருந்த பொங்கலில் புகை வாசனை ஏறிவிட்டது. உதவிக்கு இருந்தவர்கள் நெய்யை இன்னும் கொஞ்சம் ஊற்றினால் தெரியாது என்றார்கள். நாகேஷ் ஒரு வாய் எடுத்து மென்று பார்த்தார்.

"இதை நான் இலையில போட மாட்டேன்" என்றார். அண்டாவை இறக்கச் சொன்னார். ரவை மூட்டையைப் பிரித்தார். கல்யாண வீட்டார் மலையிலிருந்து இறங்கி வருவதற்குள் முந்திரி போட்ட கிச்சடி தயாராக இருந்தது. பொங்கலை எதிர்பார்த்து உட்கார்ந்தவர்கள் கிச்சடியை இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

பந்தியெல்லாம் முடிந்தபின் சுலோச்சனா மாடியில் ஈரப் புடவையோடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் தேவிப்பிரியா.

"ஆன வரைக்கும் போதும். சிங்காரத்தைக் கூப்பிட்டு எல்லாத்தையும் கழட்டச் சொல்லிடறேன். நிறுவனத்துக்கு நீயே ஒரு வார்த்தை எழுதிடும்மா."

தேவிப்பிரியா பதில் சொல்லுமுன் படியில் நாகேஷின் தலை தெரிந்தது. திட்டத்தான் வருகிறார் என்று சுலோச்சனா எழுந்து நின்றாள். அவர் நேரே புகைபோக்கியிடம் போய் அதைச் சுற்றி வந்தார்.

"தண்ணி விடறதுக்கு முன்னாடி கால் மணி நேரம் புகை நன்னாத்தான் போச்சு. கவனிச்சேளா?"

"இல்லை."

"நான் கவனிச்சேன். மழைக்காலத்துல குழாய் ஜில்லுனு இருந்தா புகை ஏறாது. அப்போ நான் என்ன பண்ணுவேன்னா, மொதல்ல ஓலையை உள்ளே கொளுத்தி விட்டுக் குழாயைச் சூடு பண்ணிப்பேன். அப்புறம்தான் விறகு. உங்க தண்ணியையும் அடுப்பு நன்னாப் பிடிச்சப்புறம் விட்டா என்ன? எப்போ விடணும்னு புகையைப் பாத்தா நேக்குத் தெரியும்."

சுலோச்சனா குனிந்து கரித்துண்டைத் தேடினாள்.

மறுபடியும் இருபது சுற்று. புகைபோக்கிக்கு மேலே ஐந்தடி உயரம் கூட்டினார்கள்; உயரம் கூடினால் புகையை மேலே இழுக்கும் விசையும் கூடும். தண்ணீர் விடும் வால்வு மாடியிலிருந்து இறங்கிச் சமையல்கட்டுக்குள், நாகேஷின் வலது கைக்கு எட்டுகிற இடத்துக்கு வந்தது. அதற்குச் சிவப்பு வர்ணம் அடித்தது சிங்காரம். தன்னைத் தவிர யாரும் அதைத் தொடக் கூடாது என்று நாகேஷ் எல்லோரிடமும் சொல்லி வைத்தார். டிரம்முக்குக் குளிர் படாமல் பழைய பஞ்சு மெத்தைகளை டில்லிபாபு சுற்றிக் கட்டினான். தூரத்திலிருந்து பார்த்தால் காய்ச்சல் வந்த ஆள் கம்பளி போர்த்திக்கொண்டு மாடியில் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது.

அடுத்த முகூர்த்தத்தில் சுலோச்சனா மாடிக்குப் போகவில்லை. சமையல்கட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். நாகேஷ் அடுப்பையும் புகையையும் மாறி மாறிப் பார்த்தார். சாவகாசமாக வெற்றிலையை மென்றார். பிறகு கையை நீட்டிச் சிவப்பு வால்வைப் பாதி திருப்பினார். கொஞ்ச நேரம் பொறுத்து மீதிப் பாதி. புகை மேலே போய்க்கொண்டே இருந்தது. ஒரு மணி நேரம் கழித்து மாப்பிள்ளை வீட்டு அறையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"யாருப்பா அது, தண்ணி கொதிக்குது. பச்சைத் தண்ணி ஒரு வாளி கொண்டாங்க."

தேவிப்பிரியா மெயின் போர்டுக்கு அருகில் கருவியைப் பார்த்தபடி நின்றவள் திரும்பி சுலோச்சனாவைக் கட்டிக்கொண்டாள். பதினாலு கீசர்களில் ஒன்றுகூட அன்று ஓடவில்லை.

பங்குனியில், மண்டபத்தை டில்லிபாபுவிடம் விட்டுவிட்டு, சுலோச்சனாவும் நாகேஷும் சென்னைக்குப் போனார்கள். அரங்கம் நிறைய ஆட்கள். ஜெர்மனித் தோழி திரையில் பேசினாள். காற்றாலைக்காரன் நேரிலேயே வந்திருந்தான். சுலோச்சனா மேடையேறி, வெற்றியைச் சொல்லுமுன் புகை திரும்பி வந்த காலையைச் சொன்னாள். நாற்பது சுற்று ஏன் தோற்றது, இருபது ஏன் ஜெயித்தது என்று பலகையில் போட்டுக் காட்டினாள். கருவி காட்டிய எண்களைத் தேவிப்பிரியா விளக்கினாள்.

பேராசிரியர் ஒருவர் எழுந்தார். "அந்த வால்வைத் தானியங்கியாகச் செய்திருக்கலாமே. சென்சார் வைத்தால் ஆள் தேவைப்படாதே?"

சுலோச்சனா பதிலுக்கு வாய் திறப்பதற்குள், பின்வரிசையிலிருந்து வெள்ளை வேட்டியும் துண்டுமாக நாகேஷ் எழுந்து நின்றார்.

"நான்தான் அந்த ஆள். விறகு ஈரமா காய்ஞ்சதா, காத்து எந்தப் பக்கம், சாம்பார் எந்தப் பதத்துல இருக்கு, இத்தனையும் உங்க சென்சார் பார்க்குமானா தாராளமா வைங்கோ. நான் கொஞ்சம் உக்காந்துக்கறேன்."

அரங்கம் முழுக்கச் சிரித்தது. பேராசிரியரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே குறிப்பேட்டில் எதையோ எழுதிக்கொண்டார்.

முதல் பரிசு ஒரு கல்லூரி விடுதியை எடுத்துக்கொண்ட ஜோடிக்குப் போனது. இவர்களுக்குப் பரிசு ஏதும் இல்லை. ஆனால் தேநீர் நேரத்தில் சுலோச்சனாவால் தேநீர் குடிக்க முடியவில்லை. காற்றாலைத் தோழன் தன் தொழிற்சாலைக் கேன்டீனுக்கு இதைச் செய்ய முடியுமா என்று கேட்டான். அரக்கோணத்தில் மெஸ் நடத்தும் பழைய மாணவி ஒருத்தி புகைபோக்கியின் அளவையெல்லாம் கைப்பேசியில் காட்டினாள். அடுத்த ஆண்டு மாணவர்களை ஒரு நாள் திருத்தணிக்கு அழைத்து வரலாமா என்று நிறுவனத்து இயக்குநரே வந்து கேட்டார்.

"எத்தனை பேர்?" என்று நாகேஷ் குறுக்கிட்டார்.

"நாற்பது பேர் இருப்பாங்க."

"முகூர்த்த நாளா இல்லாம பாத்துக்கோங்கோ. சாப்பாடு என் பொறுப்பு."

திரும்பி வரும் ரயிலில் இடம் கிடைத்தது. தேவிப்பிரியா நடைமேடையில் நின்று வண்டி நகரும் வரை கையசைத்தாள். சுலோச்சனா கூட்டத்தில் கொடுத்த தாளைப் புரட்டி, அதன் பின்பக்கத்தில் அரக்கோணத்து மெஸ்ஸின் புகைபோக்கியை வரைய ஆரம்பித்தாள். அது செங்கல்லில் கட்டியது; வெளியே சுற்றிப் பயனில்லை, உள்ளே வைக்க வேண்டும், அப்படி வைத்தால் கரி படியும், அதைத் துடைக்க ஒரு சின்னக் கதவு வேண்டும். திருவள்ளூர் போனது, மணவூர் போனது. டில்லிபாபு போன் செய்து, "எப்படிப் போச்சு?" என்று கேட்டான். "நல்லா போச்சு பாவா, வந்து சொல்றேன்" என்று வைத்துவிட்டு மறுபடி பென்சிலை எடுத்தாள்.

அரக்கோணத்தில் பாதி வண்டி காலியாகிப் புதிதாக நிறைந்தது. அவள் நிமிரவில்லை.

"அம்மா, திருத்தணி வந்துடுத்து" என்றார் நாகேஷ், பையைத் தோளில் மாட்டியபடி.

"ஒரு நிமிஷம். இந்தக் கதவை எந்தப் பக்கம் வைக்கிறதுன்னு பாத்துட்டு வந்துடறேன்."

"வண்டி அந்த ஒரு நிமிஷம்தான் நிக்கும். இறங்கிப் பாருங்கோ."

அவள் பென்சிலை வாயில் கவ்விக்கொண்டு, தாளைக் கையில் பிடித்தபடி இறங்கினாள். நடைமேடையில் பத்தடி நடந்ததும் நின்று, "கரியை நீங்க எப்படிச் சுத்தம் பண்ணுவீங்க?" என்று அவரிடம் கேட்டாள்.